‘இது எங்கள் துறை இல்லை’ துறைக்கு ஒரு மனு

அனுப்புநர்:
மனு எழுதிக் கொடுப்பவன்,
தாலுகா ஆபீஸ் பக்கம், மரத்தடி,
கீழ்பென்னாத்தூர்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
‘இது எங்கள் துறை இல்லை’ துறை,
(எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருந்தாலும்).

பொருள்: பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் துணிந்தது – மன்னிப்பும் ஒரு வேனும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவுகள் 16, 31. 2. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009. 3. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் என் மருமகளின் முகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, தொலைந்துபோன ரேஷன் கார்டு என்று ஊரார் குறையை எழுதியே வயிறு வளர்த்தவன் நான். என் மனுவில் ‘பணிந்து’ குறையவே குறையாது. ‘கருணை கூர்ந்து’ தேவைப்பட்டால் இரண்டு தடவை வரும். இன்றைக்கு என் வீட்டுக் குறையை நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். கூலிக்கு எழுதாததால் கொஞ்சம் நீளும். பொறுத்தருள்க.

முதலில் தங்கள் துறையின் சேவையைப் பாராட்ட வேண்டும். பெயர்ப்பலகை எங்கேயும் கிடையாது. ஆனால் எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும் தங்கள் ஊழியர் ஒருவராவது சீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தைப் பார்க்கிற ஆபீசில், “வண்டி சமாச்சாரமெல்லாம் எங்க துறை இல்ல பெரியவரே” என்றார்கள். பஸ்ஸைப் பார்க்கிற ஆபீசில், “அந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னு தனி ஆபீஸே இருக்குதே” என்று வழி சொன்னார்கள். அந்தத் தனி ஆபீசில் உட்காரச் சொல்லித் தண்ணீரெல்லாம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, “படிப்புன்னா அது கல்வி சம்பந்தப்பட்டதுங்க” என்றார்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு வலம் வருவது பழக்கம்தான். ஆனால் அண்ணாமலையாரைச் சுற்றினால் 14 கிலோமீட்டரில் முடிந்துவிடும்.

பேரனுக்கு வயது பதினொன்று. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்து இருக்கிறது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தனித்துவ அடையாள அட்டை இருக்கிறது, ஆதார் இருக்கிறது, போட்டோவில் அவன் கேமராவைப் பார்க்கவில்லை என்பதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்த போட்டோக்களும் ஒரு கட்டு இருக்கின்றன. ஆவணத்தில் எங்களிடம் குறை காண முடியாது.

அவன் படிக்கும் சிறப்புப் பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. செஞ்சி ரோட்டில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். “உள்ளூரிலேயே சேர்த்திருக்கலாமே” என்று தாங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த 2011 தமிழ்நாட்டு விதிகளின்படி ஐந்தாவது வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாவது வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து இருக்கிறது ஐயா, சத்தியமாக இருக்கிறது. கொடிக்கம்பம், மணி, சத்துணவுக் கூடம், கை கழுவும் குழாய் எல்லாமே சட்டம் சொன்ன தூரத்துக்குள். அவனுக்குச் சொல்லித்தரத் தெரிந்த ஆள் மட்டும்தான் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

உள்ளூரில் சேர்த்துத்தான் பார்த்தோம். டீச்சர் தங்கமானவர். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நடுநடுவே எழுந்து வாசலுக்கு ஓடுகிறவனையும் அவர் எத்தனை நாள் பிடித்து வைப்பார்? வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். ஒன்றியத்தில் இருக்கிற பள்ளிகளுக்கெல்லாம் முறை வைத்து வருவார். அவர் வருகிற நாளில் இவன் பேசமாட்டான். இவன் பேசுகிற நாளில் அவர் வேறு ஊரில் இருப்பார். அவரும் தொகுப்பூதியக்காரர். அவருக்காகவும் ஒரு மனு என் கையால் போயிருக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்பு ஆசிரியர்களை நிரந்தரமாகப் போடுங்கள் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று 2022இல் விகிதமும் அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம், இத்தனை பணியிடம் என்றாவது அறிவியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் கெடு வைத்தது. உச்ச நீதிமன்றமே நினைவூட்டல் போட வேண்டிவரும் என்றால் மரத்தடிக்காரன் எம்மாத்திரம்?

ஆகவே பஸ். பேரன் பச்சை பஸ்ஸில்தான் ஏறுவான். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட். அதில் யாராவது உட்கார்ந்திருந்தால் அடிக்க மாட்டான், கத்த மாட்டான், பக்கத்தில் நின்றுகொண்டு அவர் எழுந்திருக்கும்வரை அவர் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருப்பான். பெரும்பாலானவர்கள் சோமாசிபாடி வருவதற்குள் எழுந்துவிடுவார்கள். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2023இல் அரசு பழைய பஸ்களைப் புதுப்பித்து மஞ்சள் வண்ணம் அடித்தது. ஊரே அழகாக இருக்கிறது என்றது; எனக்கும் பிடித்திருந்தது. மஞ்சள் பஸ் வந்து நின்றதும் பேரன் ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். கண்டக்டர் விசில் ஊத, மருமகள் கெஞ்ச, பின்னால் வந்த லாரி ஏர் ஹாரன் அடிக்க, இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மண்ணில் நெற்றியை வைத்துவிட்டான். பஸ் போய்விட்டது. பெயிண்ட் அடிக்குமுன் என் பேரனைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. நாற்பது ஐம்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் ஒருவனுக்காக எதையும் மாற்ற முடியாது என்று தங்கள் ஊழியர் சொன்னது நியாயம். அந்த நியாயத்துக்குத்தான் தனி வண்டி கேட்கிறோம்.

இலவசப் பயணம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இல்லை. கும்பிட வேண்டிய திட்டம். அந்த டவுன் பஸ் பள்ளிக்கூட மணியைப் பார்த்து வருவதில்லை என்பதுதான் சின்னக் குறை. நேரத்துக்கு வருகிற வண்டி புறநகர் வண்டி. அது திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ நிறைந்து வரும், அதில் மருமகளுக்கு டிக்கெட் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பள்ளிக்கு ஆட்டோ. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது; 2023 ஜனவரியில் 1,500இலிருந்து உயர்த்தினார்கள், நன்றி. அந்தப் பணம் எப்போது ஏறும் என்று எங்களைவிட ஆட்டோக்காரர் ஆவலாக விசாரிக்கிறார்.

பையனை உள்ளே விட்டபிறகு மருமகள் என்ன செய்வாள் என்று தங்கள் துறையில் யாரும் கேட்டதில்லை. ஊருக்குத் திரும்பி மறுபடி சாயங்காலம் போனால் செலவு இரண்டு மடங்கு. அதனால் திரும்புவதில்லை. பள்ளி மதில் ஓரம் உட்கார்ந்துவிடுவாள். அங்கே அவளைப்போல ஒரு வரிசையே இருக்கிறது. செங்கம் பக்கத்து அம்மா, போளூர் பக்கத்து அம்மா, தண்டராம்பட்டிலிருந்து வருகிற ஒரு பாட்டி. ஒருத்தி பூ கட்டுவாள். ஒருத்தி சுவரில் சாய்ந்து தூங்குவாள், பாவம், இரவில் அந்த வீட்டுப் பிள்ளை தூங்குவதில்லை. என் மருமகள் பையில் ஜாக்கெட் துணி கொண்டுபோய்க் கொக்கி தைப்பாள். வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட்டே தைத்துக்கொண்டிருந்தவள். மல்லாட்டை பறிப்பு நாளில் கூலிக்கும் போவாள். இப்போது கொக்கி மட்டும். மழை வந்தால் எதிர்க் கடைத் தாழ்வாரம். கழிப்பறைக்கு அந்தக் கடைக்காரரின் வீடு. அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை.

அரசுக் கணக்கில் ‘தாய், காத்திருந்த வகையில், ஒரு நாள்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறதா ஐயா? இல்லை. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 3,500 ரூபாய் வரை என்று ஒதுக்கீடு உண்டு. பயிற்சி, உபகரணம், போக்குவரத்துப் படி, துணைக்கு வருகிறவர் படி எல்லாம் அந்த ஒரே பைக்குள். ஆறாவதிலிருந்து எட்டாவது வரை சட்டப்படி 220 நாள் வகுப்பு. வகுத்துப் பாருங்கள்; ஒரு நாளைக்கு 16 ரூபாய்கூட வராது. திருவண்ணாமலையில் அதற்கு ஒரு டீயும் ஒரு வடையும் கிடைத்தால் தாங்கள் அதிர்ஷ்டசாலி.

அந்தப் பையும் 2024-25இல் காலியாக வந்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று டெல்லி 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது. போடமாட்டோம் என்று சென்னை 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. அதோடு ஒட்டிவரும் கல்விக் கொள்கையை வைத்து மூன்று மொழியா இரண்டு மொழியா என்று பெரிய வாதம் நடந்தது. நானும் டீக்கடையில் இரண்டு மொழிக் கட்சிதான், சத்தமாகவே பேசியிருக்கிறேன். பேரனுக்கு ஒரு மொழியே இன்னும் வாய்க்கவில்லை. அவனுக்கு அந்த ஒன்றைக் கொண்டுவருகிற வேலைக்கான காசும் அந்தக் கோடிகளுக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

இனி பௌர்ணமி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குச் சிறப்பு பஸ் விடுகிறார்கள். கார்த்திகை தீபத்துக்கு ஆயிரக்கணக்கில். ஊரைச் சுற்றியுள்ள ரோடுகளிலெல்லாம் தற்காலிக பஸ் நிலையம், தற்காலிகக் கழிப்பறை, தற்காலிக மருத்துவ முகாம், கேமரா, போலீஸ், அன்னதானம். எந்த ஆபீசில் கேட்டாலும் ‘எங்கள் துறை இல்லை’ என்று யாரும் சொல்வதில்லை. கலெக்டர் ஆபீசில் எல்லாத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசுகின்றன. ஆகவே அந்த வித்தை தெரியாதவர்கள் என்று அரசாங்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு எங்கள் பஸ் ஊருக்கு வெளியிலேயே நிற்கும் என்பதால் பேரனுக்கு லீவு. காலண்டரில் பௌர்ணமியை வட்டம் போட்டு வைத்திருக்கிறோம், கிரிவலத்துக்கு அல்ல.

வெளிநாட்டுக் கதை பேசினால் தங்களுக்குக் கோபம் வரும், இரண்டே வரி. அமெரிக்காவில் 1975 சட்டத்திலேயே பிள்ளையை அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவதும் சிறப்புக் கல்விக்குரிய சேவைதான். இங்கிலாந்தில் குறைபாட்டால் நடந்துபோக முடியாத பிள்ளை என்றால், பள்ளி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் உள்ளாட்சியே இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு தாங்கவில்லை என்று அங்கேயும் புலம்புகிறார்கள், ஆனால் வண்டி வருகிறது.

நம் சட்டத்தில் இல்லாததும் இல்லை. 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் பார்வை 1இன் 31ஆம் பிரிவு, ஆறு முதல் பதினெட்டு வயதுவரை அருகமைப் பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. 16ஆம் பிரிவில் எட்டு வேலைகளைச் சொல்லி, எட்டாவதாகப் பிள்ளைக்கும், அதிக உதவி தேவைப்படுகிற பிள்ளை என்றால் துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்து வசதி என்று போட்டிருக்கிறது. உலக வங்கிக் கடனோடு 1,763 கோடியில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தில் ‘விழுதுகள்’ என்று மையங்கள் வைத்து, பயிற்சி தர வண்டியையே ஊர் ஊராக அனுப்புகிறார்கள். நல்ல வேலை. சிகிச்சை வண்டியில் போகலாம் என்றால் பிள்ளையும் வண்டியில் போகலாம்தானே? (இந்த வழியாக வரவேண்டிய திண்டிவனம் – திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07இல் அனுமதி கொடுத்தார்கள். அதை நம்பிக் காத்திருக்கும்படி தயவுசெய்து பதில் அனுப்ப வேண்டாம்.)

கோரிக்கைக்கு வருகிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலையில் ஒரு வேன் புறப்பட்டு, வழியில் உள்ள இப்படிப்பட்ட பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைப் பள்ளிகளில் விட்டு, மாலையில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். உள்ளே சம்பளத்துக்கு ஓர் ஆயா இருக்க வேண்டும், அந்த வேலையை அந்த மதிலோரத்துத் தாய்மாரில் ஒருவருக்கே கொடுக்கலாம். அல்லது வேனே வேண்டாம். நிரந்தரச் சம்பளத்தில் ஒரு சிறப்பு ஆசிரியரை உள்ளூர்ப் பள்ளியில் தினமும் உட்கார வையுங்கள், நாங்கள் நடந்தே வருகிறோம். இரண்டில் எது மலிவு என்று கணக்குப் பார்க்கத் தங்களிடம் ஆள் இருக்கிறார்கள். எந்தத் துறை என்று தீர்மானிக்க முடியாவிட்டால், தீபத்துக்குக் கூடுகிற அதே மேஜையில் எல்லோரும் ஒரு அரைநாள் உட்காருங்கள்.

வேனின் நிறம் பச்சையாக இருந்தால் நல்லது. கட்டாயமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு எழுதிக் கொடுப்பவன்.

இணைப்பு: அடையாள அட்டை நகல், மருத்துவச் சான்று நகல், பதில் அனுப்ப சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று.