லோகோவோடு நின்றுபோகும் கம்ப்யூட்டர்

கேள்வி: 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஆன் செய்தால் கம்பெனி லோகோவைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. தேதியும் தப்பு. பழைய இரும்புக் கடைதானா?

பதில்: அவசரப்படாதீர்கள்! அதற்கு வந்திருப்பது முதுமை இல்லை, மறதி. மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி இருக்கும்: சிஆர் 2032, 3 வோல்ட். அது தீர்ந்தால், கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் பயாஸ் மென்பொருளுக்குத் தேதி மட்டுமல்ல, எந்த டிஸ்கிலிருந்து கிளம்புவது என்பதும் மறந்துபோகலாம். முதலில் அதை மாற்றுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பென் டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராம் மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, அழுத்தி மாட்டுங்கள். பல பழைய மெஷின்கள் இதிலேயே எழுந்துவிடும்.

ஹார்ட் டிஸ்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் மட்டும் மறுபடி மறுபடி ஆன் செய்யாதீர்கள். போட்டோக்களை முதலில் காப்பாற்றுங்கள். டிஸ்க் கடையில் கிடைக்கும்; போட்டோக்கள் கிடைக்காது.