தடா வட்டார வாழ்த்தட்டை மடிப்பியல்: ஒரு முதனிலை ஆய்வு

வாழ்த்தட்டை என்பது யாதோவெனின், ஒரு கெட்டித் தாளை நடுவில் மடித்து, மடிப்புக்கு வெளியே பூவும் உள்ளே அன்பும் ஒட்டியது. இவ்விலக்கணத்தில் உயிரான சொல் ‘மடித்து’. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி ஆயிரம் படிகள் அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றதே உலகின் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை என்பார்கள். நாம் ஒப்புவதற்கில்லை. அது மடிக்காத ஒற்றை அட்டை. வேண்டுமானால் விசிட்டிங் கார்டுக்குப் பெரியப்பா என்று சொல்லிக்கொள்ளட்டும்.

இனி, இந்த ஆய்வுக்கு ஏன் தடா என்று கேட்பீர்கள். ஆரம்பாக்கம் தாண்டியதும் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறும் இடம். நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் திருப்பதி மாவட்டத்துக்கு வந்த ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ஏரியின் தென்கோடியில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய பழவேற்காடு. மேற்கே இசுசு, கோபெல்கோ, டைகின் என்று ஜப்பானியக் கம்பெனிகள் வரிசை கட்டிய ஸ்ரீசிட்டி. உலகில் மடிக்கத் தெரிந்த மூன்று கூட்டத்தார் டச்சுக்காரர், ஜப்பானியர், ராக்கெட்காரர். மூவரும் தடாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தற்செயலா? தற்செயல் என்று ஒப்புக்கொண்டால் ஆய்வாளன் பிழைப்பு என்னாவது?

முதலில் டச்சுக் கருதுகோள். தேநீர்ப் பையைச் சுற்றிவரும் அச்சிட்ட சிறு உறைகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றுபோல் மடித்து, வட்டமாக அடுக்கி அட்டையில் ஒட்டும் கலை நெதர்லாந்தில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் டைனி ஃபான் டெர் ப்ளாஸ் என்ற பெண்மணி தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து கொண்டுபோன வித்தை இது என்பது எமது துணிபு. இதில் ஓட்டை ஒன்றே: அவர்கள் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது 1825-இல். இடையில் சுமார் 165 ஆண்டுகள் அந்த வித்தை எங்கே இருந்தது என்பார்கள். மடித்து வைத்திருந்தார்கள் என்க.

ஜப்பானியக் கருதுகோள் இதைவிட வலுவானது. ஓரிகாமியின் தலைமகன் கொக்கு. அதன் அடிப்படை மடிப்பில் நீண்ட முனைகள் நான்கு கிடைக்கும்: இறக்கைக்கு இரண்டு, கழுத்துக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. குளிர்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்கு வருவது பூநாரை. சூலூர்பேட்டையில் அதன் பேரில் திருவிழாவே நடக்கிறது. ஆகவே தடா அட்டையில் நிற்க வேண்டியது பூநாரைதான். ஆனால் பூநாரைக்குக் கால் வேண்டும். கொக்கு மடிப்பில் காலுக்கு முனை இல்லை. வால் முனையைக் கீழே திருப்பினால் ஒரு கால் கிடைக்கும். இன்னொன்றுக்கு எங்கே போவது? யாம் நெடுநேரம் யோசித்த இந்தச் சிக்கலைப் பறவையே தீர்த்துவைத்திருக்கிறது. பூநாரை ஒற்றைக் காலில் நிற்பது ஏன் என்று விலங்கியலார் இன்றுவரை வாதாடுகிறார்கள். தாள் போதவில்லை என்பதே விடை. (பக்கத்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்துக் கூழைக்கடாவுக்கு அலகுப்பை மடிப்பது தனி நூலுக்கு உரியது.)

ராக்கெட் தரப்பு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபர் 9-இல். கடைசி பெஞ்சிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதற்கும் வெகு முன்பு. நகைக்க வேண்டாம். விண்கலத்தின் சூரியத் தகடுகள் ராக்கெட் தலைக்குள் மடிந்தே போக வேண்டும். மேலே போய் விரிய வேண்டும். 2013 நவம்பரில் இங்கிருந்து போன மங்கள்யானின் ஒற்றைச் சிறகிலும் மூன்று தகடுகள் மடிந்திருந்தன. கோர்யோ மியூரா என்ற ஜப்பானியப் பொறியாளர் வகுத்த மடிப்பில் கோடுகள் நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து ஓடும். அதனால் மடிப்பின் மேல் மடிப்பு விழுந்து தடிக்காது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே வீச்சில் விரியும். 1995-இல் ஜப்பான் இதை விண்வெளிக்கே அனுப்பிப் பார்த்தது. வாழ்த்தட்டைக்குள் இதை ஒட்டினால், பிரிப்பவர் மூலையை இழுக்க, உள்ளங்கையளவு தாளிலிருந்து ஒரு முழத்துக்கு ‘சங்கராந்தி சுபாகாங்க்ஷலு’வும் ‘பொங்கல் நல்வாழ்த்துக’ளும் விரியும். மறுபடி மடிக்க அதே கோடுகள் வழிகாட்டும். நெடுஞ்சாலை வரைபடத்தையோ மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளையோ ஒருமுறை பிரித்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

இத்தனை வெளியூர்ச் சான்று எதற்கு, நம் பக்கத்து ஆள் இல்லையா என்றால், இருக்கிறார். சென்னையில் 1893-இல் அடிசன் கம்பெனி வெளியிட்ட ஒரு கணித நூல். காகித மடிப்பாலேயே வடிவியல் கற்பிப்பது. எழுதியவர் டி. சுந்தர ராவ், வருவாய்த் துறை அதிகாரி. நிலத்தை அளந்து அலுத்தவர் தாளில் இறங்கிவிட்டார் போலும். பாலர் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வண்ணச் சதுரத் தாள்களில் தொடங்கி, ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்று ஏறி, கூம்பு வளைவுகள் வரை மடித்தே காட்டினார். ஜெர்மானியக் கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் கண்ணில் பட்டு, 1901-இல் சிகாகோவிலும் பதிப்பாயிற்று. வாழ்த்தட்டை பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் அடக்கத்தை யாம் மதிக்கிறோம்.

அவர் வழியில் நட்சத்திரம் செய்முறை: நான்கு செ.மீ. சதுரத்தை மூலைவிட்டத்தில் மடித்துப் பிரி. ஒரு மூலையின் இரு பக்கங்களையும் அந்தக் கோட்டில் கொண்டுவந்து சேர். பட்டம் போல் ஆகும். அந்த மூலை 90 பாகை, இப்போது 45. எட்டுப் பட்டங்களைக் கூர்முனை நடுவே வரும்படி அடுக்கினால் 360 பாகை, வட்டம் நிறைந்தது. எட்டு என்பது அலங்காரக்காரர் ஆசைப்பட்ட எண் அல்ல. சதுரம் போட்ட கட்டளை. ஒன்பதாவதை நுழைக்கப் பார்ப்பவர்கள் பேருந்தில் மூவர் இருக்கையில் நான்காவதாக உட்கார வருபவர்கள்.

மூலப்பொருளில்தான் தடா டச்சுக்காரரிடம் தோற்கிறது. நெடுஞ்சாலை டீக்கடையில் டீ வருவது துணி வடிகட்டியிலிருந்து. அச்சிட்ட உறைக்கு வழியே இல்லை. ஈடாகக் கல்யாணப் பத்திரிகை உண்டு. தங்க மை, ஒருபுறம் வேங்கடாசலபதி, நாலு மூலையிலும் மஞ்சள். மஞ்சள் மூலையைக் கூர்முனைக்கு வைத்து மடித்தால் நட்சத்திரத்தின் நடுவில் மகரந்தம் போல வந்து சேரும். நெதர்லாந்தில் இதற்கு வாய்ப்பில்லை. சாமி முகத்தில் மடிப்பு விழாமல் வெட்டுவது வெட்டுபவர் பொறுப்பு. மணமக்கள் பெயர் வெளியே தெரியாமல் மடிப்பது அதைவிடப் பெரிய பொறுப்பு.

ஏரிக்காற்று இன்னொரு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்துத் தளரும். காலையில் கத்தி போல் மடித்தது மாலையில் வாய் பிளக்கும். தாளின் நார் ஓடும் திசையில் மடித்தால் பிளக்காது. எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அதுவே நார்த் திசை. மடிப்பை அழுத்த மேல்நாட்டில் எலும்புக் கத்தி வைத்திருக்கிறார்கள். நமக்குக் கட்டைவிரல் நகமோ காலாவதியான ஏடிஎம் அட்டையோ போதும். மைதாப் பசை வேண்டாம். வாழ்த்தைக் கரப்பான் முதலில் படித்துவிடும்.

கடைசியாக அஞ்சல் சட்டம். சதுர மீட்டருக்கு 200 கிராம் உள்ள ஏ4 அட்டை 12.5 கிராம். அதை நடுவில் மடித்துப் போட உறை சுமார் 7. ஆக 19.5. சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய் கட்டணம் 20 கிராம் வரைதான். எமது எட்டுச் சதுரங்களையும் சாதாரண 80 கிராம் தாளில் வெட்டினால் எடை 1 கிராம். ஆக, நட்சத்திரம் ஒட்டிய கணமே அட்டை எல்லை தாண்டுகிறது. இன்னும் 5 ரூபாய் கட்ட வேண்டும். எல்லை தாண்டுவது தடாக்காரர்களுக்குப் புதிதல்ல என்றாலும், கஞ்சர்களுக்காக மாற்றுவழி ஆராய்ந்தோம். இன்லண்ட் லெட்டர் தானே மடிந்து தானே உறையாவது; ஆனால் உள்ளே எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. அதே தாளில் மடித்த பூநாரை ‘உள்ளே வைத்த பொருள்’ ஆகுமா? ஆகாது என்பது எமது முடிபு. அஞ்சலக முகப்பில் இருப்பவர் வேறு முடிபுக்கு வந்தால் கூடுதல் வில்லை வாங்கிக்கொள்ளவும். வில்லை வலது மேல் மூலையில் வரும். அதன் மேல் முத்திரைக் கட்டை இறங்கும். ஆதலால் நட்சத்திரமோ நாரையோ எதுவாயினும் இடது கீழ் மூலையில் ஒட்டுக.