வாயிலோடு முடியும் ஒழுக்கம்
சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அராம்கோ எண்ணெய் நிறுவனம் அமைத்த, 'காம்பவுண்ட்' என்று வழங்கும் மதில் சூழ்ந்த குடியிருப்பில் பெண்கள் பல்லாண்டுகளாகக் கார் ஓட்டிவந்தனர். அதே கார் வாயிலைத் தாண்டியதும், 2018 ஜூன் வரை, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆண் அமர வேண்டியிருந்ததால், ஒழுக்கம் என்பது காவலரின் தடுப்புக்கட்டையோடு ஏறி இறங்கும் பொருள் என்று கருத இடமிருந்தது. மதுவிலக்கும் இவ்வகையினதே: திராட்சைச் சாறும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கடைகளில் தனித்தனியே தாராளமாகக் கிடைத்தன, அவை ஒரே பாத்திரத்தில் சந்தித்துக்கொள்வதையே சட்டம் வெறுத்தது. வீட்டில் வடித்த சாராயத்துக்கு அயல்நாட்டுப் பொறியாளர்கள் 'சதீக்கி', அதாவது அரபு மொழியில் 'என் நண்பன்', என்று பெயரிட்டனர். அவர்களுள் பலருக்கு அதற்குமேல் அரபுச் சொல் தேவைப்படவில்லை (உள்ளூர் நண்பர்களும்தான்). 'கஃபீல்' எனப்படும் உள்ளூர்ப் பொறுப்பாளரின் பிணையில் இவர்களைப் போன்ற வெளிநாட்டவரை வேலைக்கு வைக்கும் 'கஃபாலா' முறையில், சொந்த ஊர் போகவும் முதலாளியின் இசைவு வேண்டியிருந்தது. இவ்விதி 2021 மார்ச்சில் தளர்த்தப்பட்டபோது, விலக்கி வைக்கப்பட்டவர்களுள் வீட்டுக் கார் ஓட்டுநரும் ஒருவர். பெண்கள் தொடக்கூடாத அந்த ஓட்டுவளையத்தை அத்தனை ஆண்டுகள் பிடித்திருந்தவர் அவர்.