கோழியில் எது ஹென்?

கேள்வி: ‘சிக்கன்’, ‘ஹென்’ இரண்டும் கோழிதானே? எதை எப்போது சொல்வது?
– வாசகி ஒருவர், எஹலியகொட

பதில்: எஹலியகொட டவுனில் ‘ஹென் ரைஸ் ஒரு பார்சல்’ கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார். சட்டிக்குள் போனபின் சேவலும் பெட்டையும் சிக்கன்தான். லயத்து வாசலில் மண்ணைக் கிளறி, முட்டையிட்டதும் ஊரைக் கூட்டுகிறதே, அந்த வளர்ந்த பெட்டை மட்டுமே ஹென். முட்டைக்கு வராத விடைக்கோழிக்குப் ‘புல்லட்’ என்று தனிப்பெயர். தமிழில் எழுதினால் துப்பாக்கித் தோட்டாவும் அதுவும் ஒன்றுதான்; சோதனைச் சாவடியில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளைக்காரன் இதோடு விடவில்லை. பெண் மயில் ‘பீஹென்’; பெண் சிங்க இறாலும் ஹென்தான். சிரிக்காதீர்கள், நம் தொல்காப்பியரும் லேசுப்பட்டவர் அல்ல. பெட்டைக் கோழிக்கு ‘அளகு’ என்று பெயர் சொல்லி, அதையே பெண் கூகைக்கும் கொடுத்தார். மயிலுக்கும் ஆகும் என்றார்.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஸ்கொட்லாந்தில், பெண்களை ‘ஹென்’ என்றே பாசமாகக் கூப்பிடுவார்கள். அந்த உரிமையில் உங்கள் வீட்டுக்காரர் உங்களைக் ‘கோழி’ என்றால், விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

சுவீடன் மொழியிலோ ‘ஹென்’ என்பது ஆண், பெண் பேதமில்லாமல் ஒருவரைச் சுட்டும் சொல். 2015இல் சுவீடிஷ் அக்கடமியின் சொற்பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே அது முட்டையிடாது.