தாத்தா மூஞ்சிக்கு எத்தனை மார்க்கு?

ஏலே பேராண்டி, மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காராத. போட்டியில உன் படத்தை வாசலோட திருப்பி அனுப்பிட்டான்னா அதுக்கு நான் என்ன பண்ண? குடு அந்தக் கேமராவ, பாப்போம். உங்க அத்தை சிரிக்கா. நல்லாத்தான் சிரிக்கா. அவ சிரிச்சு நாங்க பாத்தே வருசக்கணக்காச்சு, அதுக்கே உனக்கு ஒரு கெடா வெட்டலாம். ஆனா அங்க மார்க்குப் போட உக்காந்திருக்கவனுக்கு உங்க அத்தையத் தெரியுமாலே? அவ பட்ட பாடு தெரியுமா? அவ வாய்தான் தெரியுமா?

அவனுக்குக் கெடைக்கது நாலஞ்சு நொடி. இருட்டு அறையில படம் ஒண்ணொண்ணா வந்து போகும். பெரும்பாலும் மூணு நடுவர், ஆளுக்கொரு பொத்தான் பெட்டி. அஞ்சுக்கோ ஒம்பதுக்கோ, சங்கத்துக்குத் தக்கன மார்க்கு. காலையில இருந்து நூத்துக்கணக்குல பாத்துக் கண்ணு பூத்தவன், மத்தியானச் சோறு வேற வரல. மாட்டுச் சந்தையில தரகன் பாக்க பார்வைதான் அது: பல்லு, திமிலு, நடை, அடுத்த மாடு. வீட்டுல அது எம்புட்டுப் பாசமா நக்கும்னு எவனும் கேக்க மாட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்கியா? ஞாயித்துக்கெழமையானா மெட்ராசுல இருந்து படம் புடிக்க வேன் போட்டு வாரானுவளே, யாருக்குன்னு நெனைச்ச? எல்லாம் என் மொகரைக்குத்தான். இந்தச் சுருக்கத்துக்கு உங்க ஆச்சி ஒரு பைசா மதிப்புக் குடுக்கல. வெளிநாட்டுல இதுக்குச் சர்டிபிகேட்டு குடுக்கான். "தாத்தா, சிரிக்காதீங்க. பீடிய இழுத்துப் பொகைய மெதுவா விடுங்க." பீடிய நான் விட்டுப் பலகாலமாச்சு. கட்டும் அவனுவளே வாங்கியாந்துருதானுவ. சாயங்காலம் ஆடு பத்துறப்போ சூரியனுக்கு எதுத்தாப்புல போயி நிப்பானுவ. தூசி கெளம்புனா ஒவ்வொரு முதுகுலயும் வெளிச்சம் கோடு கிழிக்கும், அதான் கணக்கு. தூசி பத்தலைன்னா "இன்னொருவாட்டி ஓட்டுங்க தாத்தா". ஆடெல்லாம் என்னை மொறைக்கும்.

ஆனா கெட்டிக்காரப் பயலுவ. அமுக்குறதுக்கு முன்ன நாலு ஓரத்தையும் பாப்பானுவ. நீ பாத்தியா? அந்தா மூலையில வெள்ளைப் பிளாஸ்டிக் குடம். எங்க வெளிச்சம் தூக்கலோ அங்கதான் கண்ணு மொதல்ல ஓடும். நடுவர் உங்க அத்தைக்கு மார்க்குப் போடலலே, குடத்துக்குப் போட்டிருக்கான். குடத்துக்கு ரெண்டு நியாயமான மார்க்குதான்! தலைக்கு மேல கரண்டுக் கம்பம் மொளைச்சு நிக்கு. ரெண்டடி தள்ளி நின்னிருந்தா அது ஒளிஞ்சிருக்கும். அவ எடப்பக்கம் பாக்கா, நீ எடத்த முதுகுக்குப் பின்னால விட்டுருக்க. மூக்குத்தி பளிச்சுன்னு இருக்கு, கண்ணு மங்கல். வாசலப் பாத்து உக்கார வச்சிருந்தா கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்திருக்கும். அந்தப் பொட்டு இல்லைன்னா செத்த கண்ணுன்னு தள்ளிருவானுவ. இல்ல, கருப்பு வெள்ளையாவது ஆக்கிருக்கணும். செவப்புச் சேலைக்கும் நீலச் செவுத்துக்கும் நடக்கற சண்டை தீரும். சுருக்கம் கூடும், மார்க்கும் கூடும். உங்க அத்தை உன்னைய அடிப்பா, அது வேற கணக்கு.

சோடிச்சு எடுக்கலாமான்னு கேக்கியா? வேன்காரனுவ டீக்கடையில பேசுனதச் சொல்லுதேன். 2019-ல துபாயில ஹிபான்னு ஒரு போட்டி. தலைப்பு நம்பிக்கை, பெரிய பரிசு 1,20,000 டாலரு. வியட்நாமுல ஒரு தாயும் ரெண்டு புள்ளையும் இருக்க படத்துக்குக் குடுத்தாக. பொறவு இன்னொரு படம் வெளிய வந்துச்சு: அதே தாயச் சுத்திக் கேமராவும் கையுமா ஒரு கூட்டம். பரிசுப் படத்த எடுத்தவரு மலேசியாக்காரரு, திட்டம் போட்டு எடுக்கலைன்னாரு. ஊரே வாயப் பொளந்துச்சாம். எனக்கு இதுல என்ன அதிசயம்? நான் நிக்க பக்கத்துல இருந்து பாத்தா எல்லாப் படத்துலயும் ஒரு கூட்டம் தெரியும்.

இயற்கைப் பிரிவுல மட்டும் வாலாட்டாத. ஃபியாப், பி.எஸ்.ஏ., ஆர்.பி.எஸ். மூணு போட்டோச் சங்கமும் சேந்து 2015-ல இருந்து ஒரே விதி வச்சிருக்கு. பொதுவா மனுசன் தடம் தெரியக் கூடாது. ஒண்ணச் சேக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. ஓரத்த வேணா வெட்டிக்கோ. லண்டன்ல காட்டுயிர்ப் படப் போட்டி நடக்குல்லா, அதுல 2017-ல கரையான் புத்துக்கிட்ட எறும்புத்தின்னி நிக்க ராத்திரிப் படம் பரிசு வாங்குச்சு. அடுத்த வருசம், அது பாடம் பண்ணி வச்ச மிருகமாத்தான் இருக்கும்னு நிபுணருமாரு சொல்லவும் பரிசப் புடுங்கிட்டாக. காட்டுல எத்தனை மிருகம்! ஆடாம அசையாம ஒத்துழைச்சது அது ஒண்ணுதான், பாவம்.

நெசத்த அனுப்பினாலும் வாசல் பாத்து அனுப்பணும். 2024-ல ஒருத்தன் தலையத் திருப்பி வயித்தச் சொறியுற பூநாரையப் படம் புடிச்சு, வேற ஒரு போட்டியில கம்ப்யூட்டர் தானா உண்டாக்குன படத்துக்கான பிரிவுல போட்டுட்டான். பறவைக்குத் தலையே இல்லாத மாதிரி தெரியும். மூணாவது எடம் குடுத்தாக, சனங்க ஓட்டும் அதுக்குத்தான். அசல் படம்னு அவனே சொல்லவும் தூக்கி வெளிய போட்டுட்டாக. குத்தம் என்ன? பொய் இல்லாதது!

அது கெடக்கட்டும். அத்தை படத்துக்கு என்னலே தலைப்பு வச்ச? "அத்தை"யா? வெளங்கிரும். "காத்திருப்பு"ன்னு வை. என்னைய எடுத்த முக்கால்வாசிப் படத்துக்கு அந்தப் பேருதான் வச்சிருக்கானுவ. யாருக்குக் காத்திருந்தீருன்னு உங்க ஆச்சி கேட்டா மட்டும் நீ வந்து பதில் சொல்லு.