சீமாட்டி போலீசும் நாரங்கா வெள்ளமும்

துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெண்ணுக்கு போலீஸ் வேலை கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அவளைப் பெரிய வீட்டில் பிறக்க வைத்துவிடுவார்கள்.

1910இல் பாரனஸ் ஆர்ட்ஸி அம்மையார் ‘லேடி மாலி ஆஃப் ஸ்காட்லாந்து யார்டு’ எழுதினார். அவரே ஹங்கேரிப் பிரபு குடும்பம். கதாநாயகியை மட்டும் குடிசையில் பிறக்க விடுவாரா? லேடி மாலி யார்டின் பெண்கள் பிரிவுக்கே தலைவி. ஒரு சின்ன விஷயம்: அப்போது ஸ்காட்லாந்து யார்டில், அதாவது லண்டன் போலீசில், அப்படி ஒரு பிரிவே கிடையாது! இலாகா இல்லாத மந்திரியைப் பார்த்திருக்கிறோம். இல்லாத இலாகாவுக்கு மந்திரி இந்த அம்மாள்தான்.

அசிஸ்டென்ட் யார் என்கிறீர்கள்? வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த மேரி. கதை சொல்வதும் அவளே. ஆகவே முதலாளியம்மாவின் அழகு, அறிவு, கருணை மூன்றும் பக்கத்துக்குப் பக்கம் வழியும்.

சரி, இவ்வளவு வசதி உள்ளவருக்கு போலீஸ் உத்தியோகம் எதற்கு? புருஷன் கொலைக் குற்றத்தில் ஜெயிலில். அவரை நிரபராதி என்று நிரூபித்தார், உடனே வேலையை விட்டார். சொந்தக் கேஸ் முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டார் மகராசி.

நிஜத்திலும் ஒரு சீமாட்டி இறங்கினார். 1914இல் பணக்கார மார்கரெட் டேமர் டாசன், தோழியரோடு சேர்ந்து தானாகவே பெண் போலீஸ் படை தொடங்கினார். யூனிஃபார்ம், தொப்பி, மிடுக்கு, எல்லாம் பக்கா. முதல் உலக யுத்தம் முடிந்ததும் லண்டன் போலீஸ் தனக்கென்று வேறு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. டாசன் 1920இல் காலமானார். மறுவருஷம் அவருடைய வாரிசு மேரி ஆலன் கோர்ட்டில் நின்றார். குற்றம்? போலீஸ் மாதிரியே உடுப்புப் போட்டது! கள்ளனைப் பிடிக்கப் போனவரை சட்டைக்காகப் பிடித்தார்கள்.

இதெல்லாம் லண்டன் கூத்து. கழக்கூட்டம் பைபாஸ் வந்து முடிகிற நம்ம காரோட்டுக்கு வாருங்கள். நம்ம தண்ணீர் மலையாளத்தில் ‘வெள்ளம்’ ஆகிற கேரள எல்லை இது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காஞ்ஞிரங்குளம். அந்த ஊர் ஆனி சிவா, வர்க்கலா சிவகிரியில் யாத்திரைக்கு வருகிறவர்களுக்கு நாரங்கா வெள்ளம், அதாவது எலுமிச்சை ஜூஸ், விற்றவர். எலுமிச்சையைப் பிழி, உப்பைப் போடு, கிளாஸைக் கழுவு, அடுத்த ஆள். 2021 ஜூனில் அதே வர்க்கலா ஸ்டேஷனுக்குப் புரொபேஷனரி எஸ்.ஐ.யாக வந்து சேர்ந்தார்.

‘லேடி’ பட்டம் இல்லை, பங்களா இல்லை, பின்னாலேயே குறிப்பெடுக்க மேரியும் இல்லை. ஆனால் தொப்பி அசல், சர்க்கார் கொடுத்தது.