ஸ்காபரோ மாமித் தேற்றம்: கணினிக் கோப்புகளுக்குப் படியெடுத்தல் பற்றி ஓர் ஆய்வு

ஸ்பிரிங்வேல், மெல்பேர்ண் நகர மையத்துக்குத் தென்கிழக்கே இருபத்துச் சொச்சம் கிலோமீற்றரில் இருக்கிறது. 1970 முதல் 1992 வரை அங்கே இயங்கிய எண்டர்பிரைஸ் குடியேற்ற விடுதியில், வியட்நாமில் இருந்தும் கம்போடியாவில் இருந்தும் வந்த அகதிகள் தங்கள் முதல் அவுஸ்திரேலிய மாதங்களைக் கழித்தார்கள். 1983க்குப் பின் வந்த ஈழத்தமிழர் பலருக்கும் இந்தத் தென்கிழக்குப் புறநகர்களே ஊராயின. ஆக, இது கையில் ஒரு ஃபைலோடு வந்து இறங்கியவர்களின் ஊர். அந்த ஃபைலில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்கும் கலியாண எழுத்துக்கும், பார்மசியில் மருந்தாளரிடம் கையெழுத்து வாங்கிய போட்டோக் கொப்பி பத்தாவது இருக்கும். அதே வீட்டுக் கணினியில் கிடக்கும் சாமத்தியவீட்டு வீடியோவுக்கோ, அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களுக்கோ ஒரு கொப்பியும் இராது. ஏன் என்று கேட்டால், “எந்த சொஃப்ட்வெயர் நல்லதெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்” என்பதே விடை. ‘பாத்துக்கொண்டிருக்கிறன்’ என்பது இலக்கணத்தில் நிகழ்காலத் தொடர்வினை. நடைமுறையில் எதிர்மறை வினை.

தாளுக்குப் பத்துக் கொப்பி எடுத்தவர் கோப்புக்கு ஒன்றும் எடுக்காதது சோம்பலால் அன்று. தாளின் கொப்பியைக் கேட்க ஒருவர் இருந்தார்: குடிவரவு அதிகாரி, வங்கிக்காரர், பள்ளிக்கூட அலுவலகம். கோப்பின் கொப்பியைக் கேட்க ஆளில்லை. இந்த ஆய்வு நிறுவ முனைவது இதுதான்: ஒரு படியைக் காப்பாற்றுவது அதை எடுத்த மென்பொருள் அன்று, அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் இன்னோர் ஆள். அந்த ஆளைக் குறிக்க ‘ஸ்காபரோ மாமி’ என்ற கலைச்சொல்லை முன்மொழிகிறேன். கனடாவில் இருந்துகொண்டு “அந்தக் கலியாணப் படங்களை இன்னும் அனுப்பேல்லையே” என்று மாதம் ஒருமுறை கேட்பவர் எவரும் இவ்வரையறையுள் அடங்குவர். ஆணாக இருப்பினும் மாமியே. சிட்னியில் இருப்பவரும் கொள்ளப்படுவார்.

முதற்சான்று நம் மரபிலேயே இருக்கிறது. பனையோலை நிரந்தரப் பொருள் அன்று. சில நூற்றாண்டுகளுக்குள் பூச்சியும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆகவே ஒரு நூல் பிழைத்தது என்றால், இடையில் யாரோ அதைப் படிக்க விரும்பித் திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதினார்கள் என்று பொருள். மாணாக்கன் பாடங் கேட்கும் தேவைக்கு எழுதிய ஏடுதான் அக்காலத்து பேக்கப். தேவார ஏடுகளைப் பற்றிய கதையோ இதற்கு மறுதலை. தில்லையில் ஓர் அறையில் வைத்துப் பூட்டி, மூவர் கையடையாளம் இட்டுக் காத்தார்களாம். இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது பெரும்பகுதியைச் செல் அரித்திருந்ததாம். வரலாறோ புராணமோ, பாதுகாப்பியலில் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. கடவுச்சொல் இருந்தது, அணுகல் கட்டுப்பாடு இருந்தது, மும்முனை அடையாள உறுதிப்பாடுகூட இருந்தது. திறந்து பார்க்க ஆள் இல்லை. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாடும் இதுவே. ஏடு இருக்கிறதா என்பது வேறு கேள்வி, கட்டை அவிழ்த்தால் அது தாங்குமா என்பது வேறு கேள்வி.

அது ஓலைக் காலம், இப்போது விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்பார் உளர். அவர்களுக்கு 2017 ஜனவரி 31ஐச் சுட்டுவேன். மென்பொருளாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லாப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் அழிப்புக் கட்டளையை இட்டுவிட்டார். சுமார் 300 கிகாபைட் தரவுத்தளம் சில நொடிகளில் 4.5 கிகாபைட்டாகச் சுருங்கியது. அவர்களிடம் ஐந்து விதப் படியெடுப்பு முறைகள் இருந்தன. அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. காப்பாற்றியது, ஒருவர் வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு படி. 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதி அழிந்தபோதும் முறையான பேக்கப் கைவிட்டது. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்து வேலை செய்த கேலின் சுஸ்மன் என்ற அலுவலரின் வீட்டுக் கணினியில் இருந்த படிதான் படத்தை மீட்டது. இரண்டிலும் பிழைத்தது யாரோ பயன்படுத்துவதற்காக எடுத்த படி. சேமிப்பதற்கென்றே எடுத்த படி சேமிக்கப்படவில்லை.

அற்றேல், எந்த மென்பொருளும் சரிதானா எனின், அன்று. தேற்றத்தில் இருந்து தேர்வு விதி தானே பிறக்கிறது: மாமியால் திறக்க முடியாத படி படியாகாது. சில மென்பொருள்கள் எல்லாவற்றையும் தமக்கே உரிய ஒரே மூட்டையாகக் கட்டிவைக்கும். அதை அவிழ்க்க அதே மென்பொருள் வேண்டும். ஒரு காலத்தில் பெயர்பெற்றிருந்த நோர்ட்டன் கோஸ்ட் 2013இல் நிறுத்தப்பட்டது. பலர் நம்பியிருந்த மாக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்தது. கணினி முழுவதையும் அப்படியே மீட்க மூட்டை முறை உதவும், மறுக்கவில்லை. ஆனால் மீட்க வேண்டியது விண்டோஸ் அன்று, அம்மம்மா. படத்தைப் படமாகவே, கோப்பைக் கோப்பாகவே நகலெடுக்கும் எளிய கருவி போதும். விண்டோஸுக்குள்ளேயே ரோபோகொப்பி இருக்கிறது. மாற்றம் கண்ட பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க், 1996இல் கன்பராவின் அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அண்ட்ரூ டிரிட்ஜலும் போல் மக்கெரஸும் உருவாக்கியது. இலவசம், அதிலும் உள்ளூர்ச் சரக்கு.

‘எல்லாம் கிளவுட்டில் இருக்கிறதே’ என்பது அடுத்த கடா. ஒத்திசைவு என்பது கண்ணாடி. நீங்கள் மீசையை மழித்தால் கண்ணாடியில் இருப்பவருக்கும் மீசை போகும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகிள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் பொறுக்கும், அவ்வளவே. வாட்ஸ்அப்பில் மாமிக்கு அனுப்பியது போதாதா எனின், அது வழக்கமாகப் படத்தை நெருக்கிச் சிறுப்பித்து அனுப்புவது, குறைப்படி. மாமிக்கு வன்தட்டே போகவேண்டும், யாராவது ரொறன்ரோ போகும்போது மிக்சர்ப் பைக்கு அடியில். வரிக்கோப்பும் கடவுச்சீட்டும் மாமி கைக்குப் போகலாமா என்பது நியாயமான கவலை. அவற்றைத் தனியே பூட்டி வீட்டு அலுமாரியில் வையுங்கள். வன்தட்டை எப்போதும் கணினியில் செருகியே வைக்கவும் கூடாது. 2017 மேயில் பரவிய வானாக்ரை போன்ற பணயத் தீநிரல் கணினியைப் பூட்டும்போது, செருகிக் கிடக்கும் தட்டும் சேர்ந்து பூட்டுப்படக்கூடும்.

மாமியோடு மனத்தாங்கல் வந்தால்? இதுவே வலிய கடா. புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் பரப்பிய 3-2-1 விதி, மூன்று படி, இரு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்கிறது. நம் குடும்ப அமைப்புக்கு அதில் ஒரு திருத்தம் தேவை: தம்முள் பேச்சுவார்த்தை இல்லாத இரு மாமிகளிடம் ஒவ்வொன்று. ஒருவர் கோபித்தால் மற்றவர் அன்றே நெருங்கிவிடுவார். ஒரே கூரையை நம்பக்கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. வேறெங்கோ பிரதி இருந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். வேறு படியில்லாத ஏட்டை எங்கே வாங்குவது? இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் விளையாட்டு இல்லை.

இனி நாள் குறிப்பது. மார்ச் 31ஐ உலக பேக்கப் நாள் என்கிறார்கள். அந்த நாளில் எங்களுக்கு ஒரு பலகாரமும் இல்லை. ஆடிப்பிறப்பைப் பரிந்துரைக்கிறேன். அது ஜூலை நடுவில் வருவது. அவுஸ்திரேலிய நிதியாண்டு ஜூன் 30இல் முடிவதால், வரிக்கணக்குக்காக வீட்டு ஃபைல்கள் எல்லாம் அப்போது மேசையில்தான் கிடக்கும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 100 கிகாபைட் படங்கள் வன்தட்டுக்குப் போக ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். ஒரு தட்டுக் கொழுக்கட்டை அவியவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரந்தான்.